தென்னைக்கு ஊற்றிய கடல்

கரியாலூர்
6.7.2025

ரீத்தாவுக்கு,

பதினோரு வாரம் வாயை மூடிக்கொண்டு இருந்தாயிற்று. போதும். போனில் பேசினால் நீ அழுவாய், இல்லையென்றால் மாப்பிள்ளை போனைப் பிடுங்கிக்கொள்வார். கடிதத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது. அதனால் எழுதுகிறேன்.

ஈஸ்டர் அன்று நான் சாப்பிடாமல் எழுந்து வந்ததற்கு, அண்ணனுக்கு ரத்தக்கொதிப்பு என்று பங்குக் கோயில் முழுக்கச் சொல்லியிருக்கிறாயாம். எனக்கு ரத்தக்கொதிப்பு கிடையாது. உன் வீட்டுக்காரர் பிரியாணித் தட்டைக் கையில் பிடித்துக்கொண்டு, வந்திருந்த அத்தனை பேர் முன்னால் என்ன சொன்னார்? "மச்சான், உங்க மீனு வளந்துக்கினே போவுதே. அடுத்த ஈஸ்டருக்கு ஆட்டுக்கறி இன்னாத்துக்கு? அத்தயே வெட்டிக் கொழம்பு வெச்சா தெருவுக்கே போடலாம்." எல்லாரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாய். நான் பார்த்தேன்.

நான் எதையும் மறப்பவன் இல்லை. என் ஆராய்ச்சியை என் வழிகாட்டி தன் பெயரில் அச்சிட்டது தொண்ணூற்றெட்டாம் வருடம். என்னைவிடப் பதினான்கு வருடம் இளையவர் தலைமையாசிரியராக வந்து உட்கார்ந்து, "சார், லேப் சாவிய குடுத்துட்டுப் போங்க" என்றது ஒரு வியாழக்கிழமை. அந்த வரிசையில் உன் சிரிப்பும் இருக்கிறது.

இப்போது உன் மகள் அனிட்டா கையெழுத்தில் ஒரு சீட்டு வந்திருக்கிறது. மாதா பிறந்தநாளுக்குள், அதாவது செப்டம்பர் எட்டுக்குள், என் வீட்டிலிருக்கும் தொட்டியையும் பொட்டுவையும் எடுத்துவிட வேண்டுமாம். எங்கே எடுப்பது? ஏழு வருடம் வளர்த்த களவா மீன் அது. கட்டை விரல் அளவில் வாங்கியது, இன்றைக்கு என் முழங்கையிலிருந்து விரல் நுனி வரை நீளம். ஆறடித் தொட்டியும், கடல் உப்பு கலந்த எழுநூறு லிட்டர் தண்ணீரும் இல்லாமல் அது ஒரு நாள் தாங்காது. வேலைக்காக மலைமேல் ஒரு வாடகை அறையில் இருப்பவன் அதை எங்கே வைப்பேன்?

இன்னொன்று. சுப்புராயனின் ஜவ்வரிசி ஆலையை மூட வைத்தேன் என்று மாப்பிள்ளைக்கு என்மேல் உள்ளூரக் கோபம். அங்கே லாரி ஓட்டிக்கொண்டிருந்தார், வேலை போயிற்று. நான் யாருக்காக மூட வைத்தேன்? நம் இரண்டு வீட்டுக்கும் பொதுவான கிணறு உப்புக் கரித்தது உனக்காகத்தானே எனக்கு வலித்தது? உன் கத்தரித் தோட்டம் கருகியதற்காகத்தானே பதினொரு திங்கட்கிழமை கள்ளக்குறிச்சிக்குப் போய் மனு கொடுத்தேன்? நன்றி வேண்டாம். குழம்பு வைக்காமல் இருந்தால் போதும்.

பொட்டுவுக்கு வாரத்தில் மூன்று நாள் இறால், ஒரு நாள் மத்தி. மாப்பிள்ளை கோமுகி அணையிலிருந்து ஜிலேபி மீன் கொண்டுவந்தால் போடாதே. நன்னீர் மீனின் கொழுப்பு கடல் மீனுக்கு ஆகாது, ஈரல் கெட்டுவிடும். யாராவது புதிதாக வந்தால் அது பக்கவாட்டில் சாய்ந்து படுத்துக்கொள்ளும். செத்துவிட்டது என்று பயப்படாதே, கோபித்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

உன் அண்ணன்,
செபாஸ்தியான்


நைனார்பாளையம்
13.7.2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

கடிதம் வந்தது. மீனைப் பற்றி ஒன்றரைப் பக்கம், கோபத்தைப் பற்றி இரண்டு பக்கம். எனக்கு உடம்பு எப்படி என்று அரை வரி இல்லை. சர்க்கரை இருநூற்றுப் பத்து. நீ கேட்கவில்லை, நானே சொல்லிக்கொள்கிறேன்.

கோபித்துக்கொண்டால் பக்கவாட்டில் சாய்ந்து படுத்துக்கொள்ளும் என்று எழுதியிருந்தாயே, அதை அனிட்டா சத்தமாகப் படித்துவிட்டு, "மாமா மாதிரியே" என்றாள். அதற்கும் சிரித்தேன். வரிசையில் சேர்த்துக்கொள்.

ஈஸ்டரில் ஏன் சிரித்தேன் என்று சொல்கிறேன். அவர் உன்னிடம் சொல்லக்கூடாது என்று என்னைக் கட்டிப்போட்டிருந்தார். இப்போது அவிழ்க்கிறேன்.

போன டிசம்பர் புயலில் நீ மலையில் மாட்டிக்கொண்டாயே, அந்த ஞாயிற்றுக்கிழமை. காலையிலேயே கரண்ட் போய்விட்டது. நீ வைத்திருந்த பேட்டரி பம்பு பத்து மணி வரைதான் ஓடியது. பொட்டு மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடியது. எனக்குக் கை கால் ஓடவில்லை. அவர் சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு, ஸ்டூலைப் போட்டு ஏறி நின்று, சொம்பால் தொட்டித் தண்ணீரை மொண்டு மேலேயிருந்து ஊற்ற ஆரம்பித்தார். தண்ணீர் உயரத்திலிருந்து விழுந்தால் காற்று சேரும் என்று நீ எப்போதோ அனிட்டாவுக்குச் சொன்னதை அவர் கேட்டு வைத்திருக்கிறார். மொள்வது, ஊற்றுவது. சாயங்காலம் ஐந்தரைக்குக் கரண்ட் வரும் வரைக்கும். நடுவில் அனிட்டா ஒரு மணி நேரம், நான் கொஞ்ச நேரம். மற்றதெல்லாம் அவர்தான். ஸ்டூல் மேலேயே நிற்க வைத்து அவருக்குச் சோறு ஊட்டினேன்.

"இன்னாடி பாக்குற? இது பூட்டா உங்க அண்ணன் மூஞ்ச எவன் பாக்கறது?" என்றார். இரண்டு நாள் கையைத் தூக்க முடியவில்லை. தைலம் தேய்த்துவிட்டேன்.

குழம்பு வைக்கிறேன் என்று அவர் சொன்னபோது, வைக்க மாட்டார் என்பது எனக்குத் தெரியும். அதனால் சிரித்தேன். உனக்குத் தெரியாது. அதனால் கோபித்தாய். இவ்வளவுதான் அன்றைக்கு நடந்தது.

மீனை எடுக்கச் சொன்னது வன்மத்தால் இல்லை. போன மாதம் இறால் போடும்போது என் விரலைச் சேர்த்துக் கவ்விவிட்டது. காலையில் அங்கன்வாடிக்குப் போய் முப்பது பிள்ளைகளைப் பார்த்துவிட்டு வந்து, பதினைந்து நாளைக்கு ஒரு தடவை பத்துக் குடம் உப்புத் தண்ணீரை இறைத்து, பத்துக் குடம் புதிதாகக் கலந்து ஊற்ற என்னால் முடியவில்லை. அனிட்டாவுக்குப் பன்னிரண்டாம் வகுப்பு. அவர் சின்னசேலத்தில் ஆக்டிங் டிரைவராகப் போகிறார், எப்போது வருவார் என்று தெரியாது.

நீ சனிக்கிழமை சனிக்கிழமை முன்போல வந்தால் மீன் இருக்கட்டும். வராவிட்டால் செப்டம்பர் எட்டு. அதில் மாற்றம் இல்லை.

கிணறு அப்படியேதான் இருக்கிறது. பருப்பு வேகவில்லை. துணிக்கு சோப்பு நுரைக்கவில்லை.

ரீத்தா


கரியாலூர்
27.7.2025

அன்புள்ள ரீத்தா,

புயல் அன்று நடந்தது எனக்குத் தெரியாது. அந்த வாரம் நான் வந்து பார்த்தபோது, "எல்லாம் நல்லாக்கீது மச்சான்" என்று மட்டும்தான் மாப்பிள்ளை சொன்னார். நான் உடனே தண்ணீரைச் சோதித்துப் பார்த்தேன். அவரை நம்பாமல்தான் சோதித்தேன். இப்போது அதை நினைத்தால் ஒரு மாதிரி இருக்கிறது. மாத்திரையை விடாமல் சாப்பிடு.

இங்கே இரண்டு நாளாக மழை. பள்ளிக்கூடத்தில் பாதிப் பிள்ளைகள் வரவில்லை, பலாப்பழம் இறக்கும் நேரம். வகுப்பில் ஒன்பது பேரை வைத்துக்கொண்டு மீனின் செவுள் எப்படி வேலை செய்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தேன். ஒருத்தி எழுந்து, "கடல் எவ்ளோ கரிக்கும் சார்?" என்று கேட்டாள். கேள்விக்குப் பதில் தெரியும். இன்றைக்குப் பாடம் போதும் என்று புத்தகத்தை மூடிவிட்டேன்.

பொட்டுவை வாங்கிய நாள் ஞாபகம் வந்தது. அனிட்டாவுக்கு ஒன்பது வயது. கொளத்தூர் மீன் கடைகளில் நீயும் நானும் அவள் பின்னால் ஓடிக்கொண்டிருந்தோம். அவள் ஒரு கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு நின்றுவிட்டாள். உள்ளே வெள்ளை உடம்பில் கறுப்புப் பொட்டுகளோடு ஒரு குஞ்சு, தலையைக் கீழே சாய்த்து, செட்டையை விசிறி மாதிரி அசைத்துக்கொண்டு. கடைக்காரன் என்னிடம், "சார், இது இவ்ளோதான் வளரும். தொட்டி எவ்ளோவோ மீனும் அவ்ளோ" என்றான். நான் கடலுயிரியல் படித்தவன். பவளப்பாறைக் களவா எவ்வளவு வளரும், எதையெல்லாம் விழுங்கும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் தலையை ஆட்டினேன். அவளுக்காக வாங்கினேன் என்று எல்லோரிடமும் சொன்னேன். உண்மையில் பரங்கிப்பேட்டையில் படித்த நாட்களில் ஒரு மீனவர் படகில் இதே மாதிரி ஒன்றைப் பார்த்திருந்தேன். இருபத்து மூன்று வயதில் எனக்கு என்னவெல்லாம் நடக்கும் என்று நினைத்தேனோ, அதெல்லாம் அந்தப் படகில் இருந்தது. அதை வாங்கினேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவள் மடியில் காற்று அடைத்த பை. விழுப்புரம் தாண்டி டிரைவர் பிரேக் போட்டபோது எழுந்து போய், "அண்ணா, மெதுவா ஓட்டுங்க, பொட்டு பயப்படுது" என்றாளே, அப்போதுதான் அதற்குப் பெயரே வந்தது. அந்த டிரைவர் அதற்குப் பிறகு கள்ளக்குறிச்சி வரைக்கும் ஒவ்வொரு நிறுத்தத்திலும் திரும்பிப் பார்த்து, "இன்னா பாப்பா, ஒங்க ஆளு தூங்கறாரா?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். மறுநாள் காலையில், அதோடு சேர்த்து வாங்கிய நாலு நீல மீனில் மூன்றுதான் இருந்தது. அதற்கு மறுநாள் ஒன்று. அனிட்டா பொட்டுவின் வயிற்றைப் பார்த்துவிட்டு, "மாமா, இது திருட்டு முழி முழிக்குது" என்றாள். நாம் மூவரும் தரையில் உட்கார்ந்து சிரித்தோம். மாப்பிள்ளைகூட வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "படிச்ச வூட்ல ரவுடி பூந்துட்டான்" என்றார்.

அந்த வீட்டில் அவ்வளவு சிரிப்பு அதற்கு முன்னால் கேட்டதில்லை. தனி ஆள் வீடு அது.

ஒரு விஷயம். தொட்டியிலிருந்து இறைக்கும் பழைய தண்ணீரை இனிமேல் தென்னைக்கு ஊற்ற வேண்டாம். தெருவோரச் சாக்கடையில் விட்டுவிடு.

அண்ணன்,
செபாஸ்தியான்


நைனார்பாளையம்
17.8.2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

அனிட்டாவுக்கு பஸ் டிரைவர் கதையைப் படித்துக் காட்டினேன். "நான் அப்டியா சொன்னேன்?" என்று கூச்சப்பட்டாள். அப்புறம் போய்த் தொட்டி முன்னால் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தாள். அதுவும் கண்ணாடி ஓரமாக வந்து அவளையே பார்த்துக்கொண்டு நின்றது.

தென்னைக்கு ஊற்ற வேண்டாம் என்று எழுதியிருந்தாய். ஏன் என்று எழுதவில்லை. தென்னங்கன்று வைக்கும்போது குழியில் உப்புப் போடாத வீடு நம் ஊரில் உண்டா? ஊரே காசு கொடுத்து உப்பு வாங்கிப் போடுகிறது, நமக்குச் சும்மா வருகிறது. இந்த ஏழு வருடத்தில் நம் மூன்று தென்னையும் எப்படிக் காய்க்கிறது பார். எனக்குச் சாக்கடையில் விட மனசு வரவில்லை. தென்னைக்கேதான் ஊற்றுகிறேன். நீ வந்து காரணம் சொன்னால் நிறுத்துகிறேன்.

இப்போது நான் உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். படித்தவன் நீ, அதனால் கேட்கிறேன்.

பொங்கல் முடிந்த வாரம் சுப்புராயன் ஆலையை மூடினார்கள். ஏழு மாதம் ஆகிவிட்டது. கழிவுத் தண்ணீர் ஒரு சொட்டு வெளியே வரவில்லை, குட்டை காய்ந்து வெடித்துக் கிடக்கிறது, மாடு நடக்கிறது. நம் கிணறு மட்டும் குறையவில்லை. முன்னைவிட ஜாஸ்தியாகக் கரிக்கிறது. ஆடியில் நட்ட கத்தரி இலை ஓரமெல்லாம் தீ வைத்த மாதிரி சுருண்டுவிட்டது. எண்பது சென்ட்டும் போச்சு. அவர் தோட்டத்துப் பக்கம் போவதையே நிறுத்திவிட்டார். வரப்பில் நின்று பார்க்கிறார், திரும்பி வந்துவிடுகிறார்.

போன வாரம் டீக்கடையில் அவருக்கும் சுப்புராயனுக்கும் கைகலப்பு ஆகிற மாதிரி ஆகிவிட்டது. பன்னிரண்டு வருடம் சுப்புராயன் லாரியை ஓட்டினவர் இவர். இவர், "எங் கொல்லயக் கெடுத்துட்டியே, உனக்கு நல்லா இருக்குமா?" என்று கேட்டிருக்கிறார். சுப்புராயன் கிளாஸை வைத்துவிட்டு, "டேய் சாமு, என் ஆலத் தண்ணி நாறும்டா, கரிக்காது. கெழங்குல ஏதுடா உப்பு? உன் மச்சான் படிச்சவராச்சே, அவரையே கேளு" என்று சொன்னாராம். அவர் வீட்டுக்கு வந்து, "திமிரப் பாத்தியா அவனுக்கு" என்று கத்தினார்.

நான் ராத்திரியெல்லாம் யோசித்தேன். கிழங்கில் ஏது உப்பு? சரி, உன்னையே கேட்கிறேன். ஆலை மூடியும் கிணறு ஏன் கரிக்கிறது அண்ணா?

ரீத்தா


கரியாலூர்
24.8.2025

ரீத்தாவுக்கு,

நிலத்தடி நீர் என்பது குடத்தில் பிடித்து வைத்த தண்ணீர் இல்லை, ஆலையை மூடிய மறுநாள் மாறிவிட. மண்ணின் தன்மை, பாறை, மழையளவு என்று பல இருக்கிறது. வருடக்கணக்கில் ஆகலாம். சுப்புராயன் நான்காம் வகுப்பு. அவர் எனக்கு வேதியியல் கற்றுத்தர வேண்டியதில்லை. டீக்கடைப் பேச்சையெல்லாம் கடிதத்தில் எழுதி அனுப்பாதே.

தென்னைக்கு ஊற்றாதே என்றால் ஊற்றாதே. எல்லாவற்றுக்கும் காரணம் சொல்லிக்கொண்டிருக்க முடியாது.

இந்த வாரம் தேர்வுத்தாள் வேலை இருக்கிறது.

செபாஸ்தியான்


நைனார்பாளையம்
7.9.2025

பொட்டு இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை. தண்ணீர் சூடா என்று பார்க்கலாம் என்று வெப்பமானி தேடி உன் அலமாரியைத் திறந்தேன். மீன் மருந்துப் பெட்டிக்கு அடியில், உன் பழைய ரெக்கார்டு நோட்டுக்குள் ஒரு கவர் இருந்தது. உன் பெயருக்கு வந்தது. மேலே நம் கிணறு என்று எழுதியிருந்ததால் பிரித்தேன்.

எண்கள் எனக்குப் புரியவில்லை. அடியில், தண்ணீரைச் சோதித்த உன் நண்பர் பேனாவால் எழுதியிருந்தது புரிந்தது. "செபா, இது ஆலைக் கழிவு இல்லை. மாவுச்சத்து துளியும் இல்லை. உப்புகளின் விகிதம் அப்படியே கடல். உன் மீன் தொட்டித் தண்ணீரை எங்கே கொட்டுகிறாய்?"

தேதி ஏப்ரல் பதினொன்று. ஈஸ்டருக்கு ஒன்பது நாள் முன்னால்.

அப்படியானால் பிரியாணித் தட்டை வைத்துவிட்டு எழுந்து போனாயே, அப்போதே உனக்குத் தெரியும். நாங்கள் எல்லாரும் வாசலில் நின்று உன்னைக் கூப்பிட்டோம். அனிட்டா பஸ் ஸ்டாண்டு வரைக்கும் ஓடி வந்தாள்.

தெரிந்துகொண்டுதான் எனக்குக் காரணம் சொல்லாமல் தென்னைக்கு ஊற்றாதே என்று எழுதியிருக்கிறாய். காரணம் சொல்லியிருந்தால் அதற்குப் பிறகு மூன்று தடவை ஊற்றியிருக்க மாட்டேன். முப்பது குடம். என் கையால், என் கிணற்றுக்கு.

உப்பு போகட்டும். தெரியாமல் செய்தோம். தென்னைக்கு ஊற்று என்று முதலில் சொன்னது நான்தான், அதை நான் மறக்கவில்லை. ஆனால் இவர் ஏழு மாதமாக ஊரான் வண்டியை ஓட்டிக்கொண்டு, பன்னிரண்டு வருடம் சோறு போட்டவனைத் தெருவில் நிறுத்தித் திட்டிவிட்டு வந்தார். உன்னை நம்பித்தான் திட்டினார்.

அவரிடம் இன்னும் சொல்லவில்லை. அனிட்டாவிடமும் சொல்லவில்லை. நீ சொல்ல வேண்டும். மீனுக்கு வைத்த கெடு இருக்கட்டும், இது வேறு. வருகிற ஞாயிற்றுக்கிழமை பூசை முடியும் வரை பொறுத்திருப்பேன். அதற்குள் நீ சொல்லாவிட்டால் நானே சொல்வேன். நான் சொன்னால், அவர் உன்னை மன்னித்தாலும் நீ அவர் முகத்தில் விழிக்க மாட்டாய். உன்னை எனக்குத் தெரியும்.

பழைய தண்ணீரைச் சாக்கடையில் விட்டேன்.

ரீத்தா


கரியாலூர்
10.9.2025

ரீத்தா,

இதை மாப்பிள்ளையிடம் கொடுத்துப் படிக்கச் சொல். அவருக்காகத்தான் எழுதுகிறேன். சனிக்கிழமை மூன்று மணி பஸ்ஸில் வருகிறேன். அதற்கு முன்னால் அவர் இதைப் படித்திருக்க வேண்டும். நேரில் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் எனக்குக் கோபம் வந்து, பழையது எதையாவது இழுத்து, கடைசியில் அவரையே குற்றவாளி ஆக்கிவிட்டு எழுந்து வந்துவிடுவேன். ஈஸ்டரில் அதைத்தான் செய்தேன்.

கிணற்றைக் கெடுத்தது நான். சுப்புராயன் இல்லை.

கணக்கு எனக்குத் தெரியும். தெரியாமலிருக்க வழியில்லை, வகுப்பில் வருடா வருடம் நடத்துகிறேன். ஒரு லிட்டர் கடல் தண்ணீரில் முப்பத்தைந்து கிராம் உப்பு. ஒரு தடவை இருநூறு லிட்டர் இறைத்தால் ஏழு கிலோ. பதினைந்து நாளுக்கு ஒரு முறை. முதல் இரண்டு வருடம் சின்னத் தொட்டி, அதைக் கழித்துப் பார்த்தாலும் ஏழு வருடத்தில் ஆயிரம் கிலோ. அந்தத் தென்னைகளுக்கும் கிணற்றுக்கும் நடுவே பத்தடி. ஒரு டன் உப்பைக் கிணற்றங்கரையில் கொட்டிவிட்டு, அரை கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஆலையைப் பார்த்து விரலை நீட்டினேன்.

"தென்னைக்கு உப்புன்னா உசுரு, ஊத்துண்ணா" என்று நீ சொன்னாய். உண்மைதான். ஏப்ரலிலிருந்து மனசுக்குள் நூறு தடவை அந்த வார்த்தையை எடுத்து உன்மேல் பழி போட்டுப் பார்த்தேன். நிற்கவில்லை. ஊர் போடுவது ஒரு கைப்பிடி, குழி தோண்டும்போது ஒரே ஒரு தடவை. நீ அதை வைத்துச் சொன்னாய். நான் கணக்குத் தெரிந்தவன், ஏன் பெருக்கிப் பார்க்கவில்லை? ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து, அனிட்டா குழாயைப் பிடிக்க, மாப்பிள்ளை குடத்தைத் தூக்க, நீ தென்னையடியில் நின்று போதும் போதும் என்று கத்த, நாலு பேரும் ஈரத்தோடு உட்கார்ந்து டீ குடிப்போமே, அந்த ஞாயிற்றுக்கிழமைகளில் கணக்குப் போட எனக்குத் தோன்றவில்லை. என் ஐம்பத்து மூன்று வருடத்தில் கணக்குப் போடாமல் இருந்தது அந்த ஒரு இடத்தில்தான்.

ஆலைமீது மனு எழுதியபோது நான் பொய் சொல்லவில்லை. அப்போது நம்பினேன். நாறுகிறவன்தான் கெடுப்பான் என்று நம்பினேன். கிணற்றுத் தண்ணீரைச் சோதனைக்கு அனுப்பியதே, மூடிய ஆலை மறுபடி திறக்காதபடி சுப்புராயன் தலையில் கடைசி ஆணியை அடிக்கத்தான். முடிவு வந்த அன்று மூன்று தடவை படித்தேன். அதற்குப் பிறகு எழுதியது, எழுதாமல் விட்டது எல்லாம் பொய். இங்கே போனில் சிக்னல் கிடைப்பதில்லை என்று உங்களிடம் சொல்லி வைத்திருந்ததும் பொய். தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போனால் நன்றாகக் கிடைக்கும். உன் பெயர் திரையில் வரும்போது அங்கேயே நின்று பார்த்துக்கொண்டிருப்பேன்.

ஈஸ்டரில் மாப்பிள்ளை குழம்பு என்று சொன்னதும் எனக்கு ஒரு நிம்மதி வந்தது. வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதிவிடுகிறேன். கோபித்துக்கொள்ள ஒரு காரணம் கிடைத்துவிட்டது. அதைப் பிடித்துக்கொண்டு மலையேறிவிட்டேன். பிறர் எனக்குச் செய்ததையே வாழ்நாள் முழுக்க எண்ணிக்கொண்டிருந்தவனுக்கு, தான் செய்ததை எந்த வரிசையில் வைப்பது என்று தெரியவில்லை.

மாப்பிள்ளை, நீங்கள் புயல் அன்று சொம்பால் ஊற்றியது தெரியும். ரீத்தா சொன்னாள். அதற்கு நன்றி என்று எழுதிப் பார்த்தேன், சின்னதாக இருக்கிறது. அடித்துவிட்டேன்.

பொட்டுவுக்கு ஒரு இடம் பார்த்துவிட்டேன். என்னோடு படித்த விஜயலட்சுமி கடலூர் பக்கம் ஒரு மீன் காட்சியகத்தைப் பார்த்துக்கொள்கிறாள். நான் எதிர்பார்த்திருந்த ஒரு வேலை அவளுக்குக் கிடைத்ததால் இருபத்தேழு வருடமாக அவளோடு பேசவில்லை. நேற்று போன் செய்தேன். "யாரு, செபாவா? உயிரோட இருக்கியா?" என்று சிரித்துவிட்டு, "களவா தானே, எடுத்துட்டு வா. பெரிய தொட்டி ஒண்ணு காலியா கெடக்கு" என்றாள். அந்த வேலையைப் பற்றி அவளுக்கு ஞாபகமே இல்லை. கடலில் விட்டுவிடலாம் என்று அனிட்டா கேட்பாள். முடியாது. ஏழு வருடம் கையிலிருந்து வாங்கித் தின்றது, அங்கே தானாகத் தேடித் தின்னத் தெரியாது. தொட்டி நோயும் மற்ற மீன்களுக்குப் போகும். அவளே கூட வந்து விட்டுவிட்டு வரட்டும். பெரிய பீப்பாயும் காற்றுப் பம்பும் நான் கொண்டுவருகிறேன். வண்டி ஓட்ட உங்களைத்தான் கேட்கத் தோன்றுகிறது, மாப்பிள்ளை. திடீரென்று பிரேக் போடாமல் ஓட்டுகிறவர் எனக்கு வேறு யாரையும் தெரியாது. முடியாது என்றால் சொல்லிவிடுங்கள், நான் வரிசையில் சேர்க்க மாட்டேன்.

மழைக்காலம் தொடங்குவதற்குள் தென்னையடி மண்ணை நாலடி ஆழத்துக்கு வெட்டி வெளியே எடுத்தாக வேண்டும். கிணற்றைப் பலமுறை இறைத்துவிட வேண்டும். தென்னை பிழைக்குமா என்று தெரியாது. பதினைந்து நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டேன். மண்வெட்டியை நான் பிடிக்கிறேன். சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள்ளுங்கள்.

இதோடு பன்னிரண்டாவது மனுவின் நகல் ஒன்று வைத்திருக்கிறேன். கலெக்டருக்கு. கிணறு உப்பானதற்குக் காரணம் என் மீன் தொட்டி, ஆலைமீது நான் கொடுத்த பதினொரு மனுவும் தவறு, சோதனை முடிவு ஏப்ரலிலிருந்து என்னிடம் இருக்கிறது என்று எழுதி, பெயர், எம்.எஸ்சி., எம்.எட்., பள்ளி முகவரி எல்லாம் போட்டுக் கையெழுத்திட்டிருக்கிறேன். திங்கட்கிழமை நானே கொண்டுபோய்க் கொடுப்பேன். அதற்கு முன் சனிக்கிழமை பஸ்ஸை விட்டு இறங்கியதும் முதலில் சுப்புராயன் வீடு. இன்னொரு நகல் அவர் கையில். அவர் கதவைச் சாத்தினால் வாசலில் உட்கார்ந்திருப்பேன். அதற்கப்புறம்தான் உன் வீடு. சாப்பாடு எடுத்து வைக்க வேண்டாம். நீ கூப்பிட்டால் உள்ளே வருகிறேன்.

அனிட்டாவிடம் நீ சொல்லாதே. அவளுக்கு நான் சொல்கிறேன், தொட்டி முன்னால் உட்கார வைத்து.

முடிக்கும் இடத்தில் 'உன் அண்ணன்' என்று எழுதி அடித்துவிட்டேன். பெயரைப் போடலாம் என்று பேனாவை வைத்தால், பதினொரு தடவை சுப்புராயனுக்கு எதிராகப் போட்ட அதே கையெழுத்துதான் வருகிறது. அதைக் கடைசியாக மனுவில் போட்டாயிற்று, அங்கே அது தேவை. உங்கள் இருவருக்கும் போட என்னிடம் வேறு இல்லை. தபால் எடுக்க நாலு மணிக்கு வருவார்கள், இப்போது மணி மூன்றே முக்கால். கையெழுத்து இல்லாமலே பெட்டியில் போட்டுவிடுகிறேன்.